இருபதாம் பாரம்

தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்ற பயம் வேனில் ஏறும்போதே சண்முகத்தாயோடு வந்து உட்கார்ந்துகொண்டது. பதினோரு மணி டீக்குப் பட்டறைப் பெண்களிடம் கதை சொல்லவேண்டும். இன்றைக்கு முடிவு. அந்த முடிவை அவளே இன்னும் வாசிக்கவில்லை. முப்பது பக்கம் பாக்கி இருந்தது, சிவகாசிக்குப் போய்ச்சேர முக்கால் மணி நேரம், ஏழாம் வகுப்போடு நின்றவள் உதட்டை அசைத்து எழுத்துக் கூட்டி வாசித்தால் ஒரு பக்கத்துக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று விரல்விட்டுப் பார்த்தாள், விரல் போதவில்லை, விட்டுவிட்டாள். மூன்றாவது வரிசையில் ஜன்னலோரம் அவளுடைய இடம். மடியில் சாப்பாட்டுப் பை, பைக்குள் தூக்குச்சட்டி, சட்டிக்குப் பக்கத்தில் துண்டில் சுற்றிய புத்தகம். துண்டைப் பிரிக்கும்போது நெஞ்சு அடித்த அடி பக்கத்திலிருந்த சீனியம்மாளுக்கே கேட்டிருக்கும். நாற்பத்தெட்டு வயதில் இதென்ன கூத்து என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது, வெட்கத்தோடு சந்தோஷமாகவும் இருந்தது. காலையில் எழுந்ததிலிருந்தே உடம்பு இப்படித்தான், உள்ளங்கையில் எறும்பு ஊர்கிறமாதிரி, அரிசி களைந்துகொண்டிருக்கும்போதே மனசு கதையின் ஆறாவது கதவுக்கு முன்னால் போய் நின்றுகொண்டது, உப்பு இரண்டு தடவை போட்டாளா, போடவே இல்லையா, கேஸை மூடினாளா. கேஸ். மூடினேன், திருகியை வலது பக்கம் திருப்பினேன், திருப்பும்போது விரலில் ஈரம் இருந்தது, ஈரம் இருந்தது நினைவிருக்கிறது, திருப்பியது நினைவிருக்கிறதா? வீட்டில் அவர் தூங்குகிறார், வாட்ச்மேன் வேலை முடிந்து வந்து பகலில்தான் தூக்கம், எழுந்ததும் தீப்பெட்டியைத்தான் தேடுவார். “என்ன சம்முவத்தாயி, பரிச்சைக்குப் போற புள்ள மாதிரி புத்தகத்த விரிச்சிட்ட?” என்றாள் சீனியம்மாள். “முடிவு வாசிக்கணும் மதினி, சத்தங்காட்டாம வாங்க.” “நான் என்னைக்குச் சத்தம் போட்டேன்?” என்று சத்தமாகக் கேட்டாள் சீனியம்மாள். முன்னாலிருந்து டிரைவர் வேல்சாமி கண்ணாடியில் பார்த்து, “யக்கா, கதையில அந்தப் பேயி இன்னும் சாகலையா?” என்றான். “பேயில்லப்பா, ராணி.” “ராணின்னா கஷ்டந்தான், லேசுல சாகாது.” வேன் குலுங்கிக் கிளம்பியது. இருநூற்றுத் தொண்ணூறாம் பக்கத்தில் அடையாளத்துக்கு வைத்திருந்த நூல் கீழே விழுந்தது, விழட்டும், பக்கம் அவளுக்கு மனப்பாடம்.

தப்பாகச் சொல்வது புதிதுமில்லை. ஆரம்பமே தப்பு. பைண்டிங் பட்டறையில் பதினெட்டு வருஷம், எத்தனையோ புத்தகம் அவள் கையால் மடிந்து தைபட்டுப் போயிருக்கிறது, நோட்ஸ், பஞ்சாங்கம், சமையல் குறிப்பு, ஒன்றையும் வாசித்ததில்லை. கை வேலை செய்யும்போது கண்ணுக்குக் காகிதம் தெரியும், எழுத்து தெரியாது. அச்சாகி வரும் பெரிய தாளை மூன்று மடிப்பு மடித்தால் பதினாறு பக்கம், அதுதான் ஒரு பாரம். இருபது பாரம் அடுக்கித் தைத்தால் ஒரு புத்தகம். இந்தப் புத்தகத்தின் தாளை மடித்துக்கொண்டிருந்த அன்றைக்கு, இரண்டாவது மடிப்புக்கு மேலாக ஒரே வரி திரும்பத் திரும்ப வந்தது, மூவாயிரம் தாள், மூவாயிரம் தடவை. “அவள் கதவைத் தட்டவில்லை. கதவுதான் அவளைத் தட்டியது” என்பது அந்த வரி. முதல் நூறு தடவை அது வெறும் மை. அதற்குப் பிறகு எப்போது அது பேச ஆரம்பித்தது என்று தெரியவில்லை, மத்தியானத்துக்குள் அவளுக்கு நெஞ்சுக்கூட்டில் யாரோ தட்டுகிறமாதிரி ஆகிவிட்டது. எந்தக் கதவு? எவள் அவள்? மடிக்காத ஒரு தாளைச் சாப்பாட்டு நேரத்தில் தரையில் விரித்து வாசித்தாள். விரித்த தாளில் ஒன்றாம் பக்கத்துக்கு அடுத்து பதினாறாம் பக்கம் இருக்கும், அதற்கடுத்து பதிமூன்று, மேல்வரிசை தலைகீழாக நிற்கும், மடித்தால்தான் எல்லாம் தன் இடத்துக்கு வந்து உட்காரும். பதினெட்டு வருஷமாக மடிக்கிறவளுக்கு இது தெரியாதா? தெரியும், ஆனால் மூளைக்குத் தெரியவில்லை, விரலுக்குத்தான் தெரிந்திருந்தது. கண்ணில் பட்ட வரிசையில் வாசித்து, வாசித்த சூட்டோடு டீ நேரத்தில் பெண்களிடம் சொல்லியும்விட்டாள்: தும்பி என்று ஒரு பெண், பதினோரு வயது, ஒற்றைக்காதன் என்று ஒரு கழுதைப்புலி அவளை முதுகில் ஏற்றிக்கொண்டு காட்டைக் கடந்தது, ஏற்றிக்கொண்டு போனதே கடைசியில் அவள் தோளைக் கடித்தது. பெண்கள் டீ கிளாசைக் கீழே வைத்துவிட்டு அந்தக் கழுதைப்புலியை வைதார்கள். “கூட இருந்தே குழி பறிச்சிருக்கு பாரு, எங்க கொழுந்தன மாதிரி.” இரண்டு நாள் கழித்துப் புத்தகம் கைக்கு வந்து ஒழுங்காக வாசித்தால், கடித்தது முதலில், ஏற்றிக்கொண்டது பிறகு. கடித்ததற்கு வெட்கப்பட்டுத்தான் அது முதுகைக் காட்டிக் குனிந்தது. அவளுக்கு வேர்த்துவிட்டது. ஒரு நல்ல ஜீவனைப் பத்துப் பேர் முன்னால் துரோகியாக்கிவிட்டாளே. வரிசைதானே மாறியது, வேறு ஒன்றுமே மாறவில்லையே, அதே கடி, அதே சவாரி.

புத்தகம் கைக்கு வந்தது வேஸ்டில். முதல் பாரத்தில் மை பரவியிருந்ததால், பசை தடவுமுன்னே தையலோடு ஒதுக்கிய காப்பி, மேஸ்திரி அண்ணாச்சி, “தூக்கிட்டுப் போம்மா, அடுப்பெரிக்கவாவது ஆகும்” என்றார். மற்றதெல்லாம் அட்டை போட்டு லாரி ஏறி மூன்று வாரம் ஆகிறது. அட்டை இல்லாத, முதுகில் நூல் தெரிகிற இந்தக் குட்டிப்பிணம்தான் அவளுடையது, ச்சீ, பிணம் என்ன வார்த்தை, காலங்காத்தால, வாயைக் கழுவு. குட்டி. அம்மணக் குட்டி. அது இரண்டாம் பாகம் என்பதே உள்ளே பத்துப் பக்கம் போனபிறகுதான் தெரிந்தது. மூன்று பாகத்தில் நடுப்பாகம். முதல் பாகத்தை எந்த ஊரில் கட்டினார்களோ, மூன்றாவது அச்சாகிவிட்டதா என்றே யாருக்கும் தெரியவில்லை. அந்நிய வீட்டுச் சண்டைக்குள் பாதியில் நுழைந்தமாதிரி இருந்தது, எல்லாரும் எதையோ நினைத்து அழுகிறார்கள், அது இவளுக்குத் தெரியாது. மணிச்சத்தம் கேட்டால் தும்பி ஏன் காதைப் பொத்துகிறாள்? கழுதைப்புலியின் ஒரு காதை அறுத்தது யார்? பெண்கள் கேட்டால் தெரியாது என்று சொல்ல முடியுமா? அவளே ஒரு முதல் பாகம் செய்தாள். காதை அறுத்தவள் சாம்பல் ராணி என்று சொன்னாள், எல்லாக் கெடுதலும் அவள்தானே செய்கிறாள், இதையும் செய்திருக்கட்டும். இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் உண்மை வந்தது: அறுத்தவள் தும்பியின் அம்மா. வேனுக்குள் உட்கார்ந்து சண்முகத்தாய் “ஐயய்யோ” என்று கத்திவிட்டாள், வேல்சாமி பிரேக் போட்டுவிட்டான். அன்றைக்கு டீ நேரத்தில், ராணி சொல்லி அம்மா அறுத்தாள் என்று ஒட்டுப்போட்டுச் சமாளித்தாள். பாரம் அடுக்குகிற பொன்னுமாரி மட்டும் நிமிர்ந்து, “அன்னைக்கி ராணியே அறுத்தான்னியேக்கா” என்றாள். அவள் ஒன்றையும் மறக்கமாட்டாள். பொன்னுமாரியை நினைத்ததும் கூட உட்கார்ந்திருந்த பயம் எழுந்து நின்றது. வேண்டாம், இப்போது அவளை நினைக்கவேண்டாம், வாசி.

வாசித்தாள். ஏரிக்கு அடியில் ஊர், ஊருக்குள் இருட்டு, இருட்டுக்குள் மண்குடுவைகள், ஒவ்வொரு குடுவையிலும் ஒரு மனுஷருடைய மூச்சு. சாம்பல் ராணி அடைத்துவைத்தது. கரையில் தும்பியின் அம்மா கிடக்கிறாள், சாகவும் இல்லை, இருக்கவும் இல்லை, மூச்சு கீழே குடுவையில். அதை எடுக்கத்தான் தும்பி ஏழு கதவு தாண்டிப் போகிறாள், ஒவ்வொரு கதவும் ஒன்றைப் பிடுங்கிக்கொள்ளும். முதல் கதவு சிரிப்பை வாங்கியது. இரண்டாவது நிழலை. மூன்றாவது அம்மாவின் முகத்தை, முகம் மறந்துபோன அம்மாவுக்காகத்தான் அவள் இன்னும் போகிறாள் என்ற இடத்தில் போன வாரம் சண்முகத்தாய்க்குக் கண் மறைந்து இரண்டு வரி தவறிப்போயிற்று. இப்போது ஆறாவது. இருநூற்றுத் தொண்ணூற்று மூன்று. எழுத்துக் கூட்டுவது எப்போது நின்றது என்று அவளுக்குத் தெரியவில்லை, உதடுதான் அசைந்துகொண்டிருந்தது, கண் முன்னால் ஓடிவிட்டது, கன்றுக்குட்டி கயிற்றை இழுத்துக்கொண்டு ஓடுவதுபோல. ஆறாவது கதவு கண்ணீரைக் கேட்டது. கொடு, இனிமேல் உனக்கு அழவராது. தும்பி கொடுத்துவிட்டாள். கொடுத்த பிறகு ஒற்றைக்காதன் கதவிடுக்கில் மாட்டிக்கொண்டது. இடுப்பு உள்ளே, தலை வெளியே, கதவு மூடுகிறது. அய்யோ, போடா, வந்துரு, வந்துருடா. “யார வரச் சொல்லுத?” என்றாள் சீனியம்மாள். “கழுதப்புலிய.” “கடிச்சதே, அதையா?” “அது அப்பமே திருந்திருச்சு மதினி.” ஜன்னலுக்கு வெளியே கரிசல்காடு, அதற்கு நடுவே தள்ளித் தள்ளி நிற்கிற வெடிக்கட்டு அறைகள், ஒன்று வெடித்தால் இன்னொன்று பிழைக்கட்டும் என்றுதான் அப்படித் தள்ளிக் கட்டியிருக்கிறது, பன்னிரண்டு வயதில் அவள் தீப்பெட்டி ஒட்டப் போன இடமும் இந்தப் பக்கம்தான், காற்றில் கந்தகம் இருக்கிறதா? கேஸ் வாசமா? வேனுக்குள் எப்படிக் கேஸ் வாசம் வரும். மூடினேன். வலது பக்கம். ஒற்றைக்காதன் தும்பியைப் பார்த்தது, போ என்றது, கழுதைப்புலி பேசாது, ஆனால் போ என்றது. கதவு மூடிக்கொண்டது. தும்பிக்கு அழவேண்டும், அழுகை இல்லை, கண்ணைத் தேய்த்துத் தேய்த்துப் பார்க்கிறாள். இங்கே சண்முகத்தாய் அவளுக்கும் சேர்த்து அழுதாள், முந்தானையால் மூக்கைச் சிந்திக்கொண்டு, உடம்பெல்லாம் சிலிர்த்துக்கொண்டு, இவ்வளவு சந்தோஷமாக அவள் அழுது எத்தனை வருஷம் ஆயிற்று.

அடுத்த பக்கத்தில்தான் ராணி சொன்னாள். ஏழாவது கதவு மூச்சைக் கேட்கும். உள்ளே போகிறவளுக்கு ஒரு மூச்சுதான் கணக்கு. உன்னுடையதா, உன் அம்மாவுடையதா, நீயே சொல். சண்முகத்தாய் புத்தகத்தை மூடினாள். ஒரு விரலை மட்டும் உள்ளே வைத்துக்கொண்டாள். இனிமேல் பொன்னுமாரியை நினைக்காமல் இருக்க முடியாது. பொன்னுமாரியின் பெண் யோகஸ்ரீக்கும் பதினோரு வயது. பிறந்ததிலிருந்து இருதயத்தில் ஓட்டை, மாடிப்படி ஏறினால் உதடு நீலமாகிவிடும். மதுரையில் நாளை மறுநாள் ஆபரேஷன். இன்றைக்கு மத்தியானம் வரை வேலை பார்த்துவிட்டு, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறுகிறாள். போன வெள்ளிக்கிழமை கை கழுவுகிற குழாயடியில் பொன்னுமாரி அவளை ஓரமாக இழுத்தாள். “அக்கா, ஒண்ணு சொல்லுவேன், சிரிக்கக்கூடாது.” “சொல்லுத்தா.” “தும்பி ஏழாவது கதவத் தாண்டிட்டான்னா எம்புள்ளையும் வந்துருவான்னு மனசுல போட்டு வச்சிருக்கேன்.” சண்முகத்தாய் குழாயை மூடினாள். “கிறுக்கா புடிச்சிருக்கு ஒனக்கு? யாரோ எழுதுன கதை, இதுல போய் உசுர வைக்கலாமா?” “வைக்கக்கூடாதுன்னுதான் நெனச்சேன், அதுவாப் போய் ஒட்டிக்கிச்சு.” அதோடு விட்டாளா, நேற்று இன்னொன்றும் கேட்டாள். “அந்தப் புத்தகத்தக் குடுக்கா, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறேன். யோகா நல்லா வாசிப்பா. முதல்ல நீ முடிவச் சொல்லிரு, அவ வாசிச்சு எனக்குச் சொல்லட்டும்.” சரி என்றுவிட்டாள். சரி என்ற வாயை என்ன செய்ய? இந்த வாய்க்குப் பேர் ஒன்று இருக்கிறது, கருநாக்கு. இருபது வருஷத்துக்கு முன்னால் பார்த்த ஒரு சினிமாவின் கதையைப் பிள்ளைத்தாய்ச்சியாக இருந்த நாத்தனாருக்குச் சொன்னாள், அதில் பிறந்த குழந்தை செத்துப்போகும், அழ அழச் சொன்னாள், நன்றாகச் சொல்கிறாள் என்று எல்லாரும் சொன்னார்கள். ஒன்பதாம் நாள் நாத்தனாருக்குக் குழந்தை அசைவில்லாமல் பிறந்தது. மாமியார் ஒன்றும் வையவில்லை. அவள் முகத்துக்கு எதிரே விரலை நீட்டி, “ஒன் நாக்கு” என்று மட்டும் சொன்னாள். அதற்கப்புறம் அவள் கதை சொன்னதே இல்லை, இருபது வருஷம், இந்தக் கதவு வந்து தட்டுகிற வரைக்கும்.

வேன் நின்றது. ரயில்வே கேட் மூடியிருந்தது. “போச்சுடா, கூட்ஸு,” என்றான் வேல்சாமி, “பத்து நிமிஷம் ஆகும்.” பத்து நிமிஷம்! பயந்துகொண்டிருந்தவளுக்குக் கை தானாகப் புத்தகத்தைத் திறந்துவிட்டது, பயம் ஒரு பக்கம் இருக்கட்டும், ஏழாவது கதவு எப்படி இருக்கும் என்று பார்க்காமல் இருக்கமுடியுமா. முன்னூறு. முன்னூற்று ஒன்று. ஏழாவது கதவு கதவே இல்லை, தண்ணீர் சுவர்போல நிற்கிறது, அதில் தும்பியின் முகம் தெரிகிறது, சிரிப்பில்லாத நிழலில்லாத முகம். தும்பி, யாருடைய மூச்சு என்று இன்னும் சொல்லவில்லை. ராணி சிரிக்கிறாள். பின்னால் மூடிய கதவுக்கு அப்பால் ஒற்றைக்காதன் ஊளையிடுகிறது, உயிரோடு இருக்கிறது! “இருக்கு மதினி, கழுதப்புலி இருக்கு!” சீனியம்மாள், “இருக்கட்டும், நல்லாருக்கட்டும்” என்று கண்ணை மூடிக்கொண்டே வாழ்த்தினாள். சண்முகத்தாய்க்குக் காதுமடல் சுட்டது. முன்னூற்று மூன்று. கூட்ஸ் வண்டி வந்துவிட்டது, தடதடவென்று பெட்டிகள், வேன் ஜன்னலெல்லாம் ஆடுகிறது, தும்பி நிற்கிற தரையும் ஆடுவதாகத்தான் எழுதியிருந்தது, யார் யாரைப் பார்த்து ஆடுகிறார்கள். முன்னூற்று நான்கு. தண்ணீர் விலகியது. கதவு திறந்தது. தும்பி வலது காலை எடுத்து உள்ளே வைத்தாள். முற்றுப்புள்ளி. பக்கம் முடிந்தது. வலது கால். வலது காலையா வைத்தாள், என் கண்ணே, யார் உனக்குச் சொல்லிக்கொடுத்தது, புது வீட்டுக்குள் நுழைகிறமாதிரி. மூச்சை இழுத்துவிட்டு அடுத்த பக்கத்துக்கு விரலைக் கொண்டுபோனாள். விரல் நின்றது. விரலுக்குத் தெரிந்துவிட்டது, இது பாரம் முடிகிற இடம். பத்தொன்பதாம் பாரம் முன்னூற்று நான்கில் முடிகிறது, அடுத்தது இருபதாம் பாரம், பதினாறே பக்கம், அதோடு புத்தகம் சரி. சாதாரணமாக ஒரு பாரம் முடிகிற இடத்தில் வாக்கியம் முடியாது, பாதிச் சொல்லில் அறுந்து அடுத்த பாரத்தில் போய்த் தொங்கும், இத்தனை வருஷத்தில் முற்றுப்புள்ளியோடு முடிந்த பாரத்தை அவள் பார்த்ததாக ஞாபகமில்லை. யாரோ இந்த இடத்தில் நில் என்று கைகாட்டின மாதிரி இருந்தது.

பதினாறு பக்கம். தின்னவேண்டும்போல இருந்தது. பிரித்தால் தெரிந்துவிடும், தும்பி உண்டா இல்லையா, நடுப்பாகத்தில் சாகடிப்பார்களா, மூன்றாம் பாகத்துக்கு ஆள் வேண்டாமா, ஆனால் அம்மா எழுந்து மூன்றாம் பாகத்தை நடத்தலாமே, எழுதினவர் யார் எவரோ, ஒற்றைக்காதனைக் கதவில் மாட்டினவருக்கு ஈவு இரக்கம் ஏது. பிரித்து, தும்பி செத்திருந்தால்? பொன்னுமாரியிடம் பிழைத்தாள் என்று சொல்லலாம். சொல்லலாம், முகம் சொல்லவிடாது, அவளுடைய முகம் கண்ணாடி டம்ளர், உள்ளே இருப்பது வெளியே தெரியும், ஒட்டுப்போட்டால் பொன்னுமாரி நிமிர்ந்து பார்ப்பாள். சரி, பார்க்காமல் கொடுத்துவிட்டால்? ஆஸ்பத்திரிக் கட்டிலில் அந்தப் பிள்ளை தானே வாசிக்கும், உரக்க வாசிக்கும், நாளைக்கு, ஆபரேஷனுக்கு முந்தின நாள், பொன்னுமாரி பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பாள். சண்முகத்தாயின் நாக்குக்குப் பதிலாக யோகஸ்ரீயின் நாக்கு. அது இன்னும் மோசம். புத்தகமே தொலைந்துபோயிற்று என்று சொல்லிவிடலாமா, சொன்னால் சகுனம் என்று அழுவாள். கடைசிப் பாரத்தை மட்டும் பிய்த்துவிடலாமா? பிய்த்த புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டா அந்தப் பிள்ளை ஆபரேஷனுக்குப் போகும், பாதியில் அறுத்தது மாதிரி, ச்சீ, அறுத்தது என்ன வார்த்தை. கேட் திறந்தது. வேன் தண்டவாளத்தில் ஏறி இறங்கியபோது புத்தகம் மடியில் குதித்து முதுகு மேலாக விழுந்தது. முதுகில் ஒவ்வொரு பாரத்துக்கும் ஒரு கறுப்புக் கட்டம் அச்சாகியிருக்கும், முதல் பாரத்துக்கு மேலே, அடுத்ததற்கு அதற்குச் சற்றுக் கீழே, அடுக்கினால் படிக்கட்டு மாதிரி சரிந்து இறங்கும். ஒரு பாரம் இடம் மாறினாலும் படி உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். பட்டறையில் எந்நேரமும் நடக்கிற தப்பு அதுதான், தூக்கக் கலக்கத்தில் இருபதை எடுத்து ஒன்றுக்கு மேலே வைத்துவிடுவார்கள், மேஸ்திரி அண்ணாச்சி படியைப் பார்த்துவிட்டு, “யாரும்மா இது, செத்தவனுக்குப் பேர் வைக்கப் போறீங்களா?” என்று கத்துவார். இருபதை எடுத்து ஒன்றுக்கு மேலே. சண்முகத்தாய் படிக்கட்டின் கடைசிப் படியைத் தொட்டாள். கடித்தது முதலில், ஏற்றிக்கொண்டது பிறகு. வரிசைதானே. முதல் பாகம் இல்லாமல்தானே இத்தனை நாள் அவர்கள் தவித்தார்கள், மணிச்சத்தம் ஏன், அழுகை ஏன் என்று தெரியாமல். ஏதோ ஒன்று முன்னால் நடந்திருக்கத்தானே வேண்டும், அது இந்தப் பதினாறு பக்கமாகவே இருக்கட்டும். உள்ளங்கை எறும்பெல்லாம் ஒரே நேரத்தில் எழுந்து ஓடியது. “வேல்சாமி, பட்டறைக்கு இன்னும் எவ்வளவு நேரம்ப்பா?” “பத்து நிமிஷம், ஏன்க்கா, பேயி செத்துருச்சா?” “மெதுவாப் போப்பா.” “மெதுவாப் போன்னு சொன்ன மொத ஆளு நீதான்க்கா.”

தாலிச்சரட்டில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றினாள். இடுப்புச் சுருக்குப்பையில் ஊசியும் மெழுகு தடவிய நூலும் எப்போதும் இருக்கும். கடைசிப் பாரத்தை நூலிலிருந்து விடுவிக்கவேண்டுமானால் அதன் நடுவைத் திறக்கவேண்டும், நூல் ஓடுவது அங்கேதான், திறந்தால் முன்னூற்றுப் பன்னிரண்டும் பதின்மூன்றும் மல்லாந்து படுத்துக்கொண்டு அவளைப் பார்க்கும். அதற்குள் ஒரு பார்வை, ஒரே ஒரு பார்வை, தும்பி என்ற பெயர் இருக்கிறதா இல்லையா என்று மட்டும். அவள் தலையைத் தூக்கி வேல்சாமியின் பிடரியைப் பார்த்துக்கொண்டாள், அங்கே ஒரு மச்சம் இருந்தது, மச்சத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. விரல் போய் நடுவைத் திறந்தது, ஊக்கு முனை நூலைத் தூக்கியது, ஒன்று, இரண்டு, மூன்று இடம், அறுத்தது. மீதிப் பாரங்கள் பிரியாமல் அறுந்த முனையைப் பத்தொன்பதின் மடிப்பில் விட்டு முடிச்சுப் போட்டது. “ஏ, என்ன பண்ணுத, புத்தகத்தப் போய்...” என்றாள் சீனியம்மாள், கண் திறந்துவிட்டது. “தப்பாத் தச்சிருக்கு மதினி, சரி பண்ணுதேன்.” “நீ ஏன் மேல பாத்துக்கிட்டுத் தைக்க?” “கண்ணு கூசுது.” பொய் சொல்லும்போது முகம் காட்டிக்கொடுக்கும் என்று பயந்தாளே, காட்டவில்லை, கைக்கு வேலை இருந்தால் முகம் சும்மா இருக்கும்போலிருக்கிறது. பிரிந்த பாரம் கையில் இலேசாக இருந்தது. பதினாறு பக்கம், ஒரு மனுஷியின் மூச்சு. அதை மை பரவிய முதல் பக்கத்துக்கு மேலே வைத்துத் தட்டிச் சேர்த்தாள், மச்சத்தைப் பார்த்துக்கொண்டே ஊசியை நடுவில் விட்டாள், விரல் பழைய ஓட்டைகளைத் தானே தேடிக்கொண்டது, மேலே ஒன்று, நடுவில் ஒன்று, கீழே ஒன்று, திரும்பி மேலே. கேஸை மூடிவிட்டாள், இப்போது ஞாபகம் வந்தது, ஈரக்கையைச் சேலையில் துடைத்துவிட்டு இரண்டாவது தடவையும் திருகினாள், மூடிவிட்டாள். பட்டறைச் சந்துக்குள் வேன் திரும்பியது, வாசலில் பொன்னுமாரி நிற்கிறாள், தோளில் ஊருக்குப் போகிற பை, வேனைப் பார்த்ததும் நாலு எட்டு முன்னால் வருகிறாள். அவள் புத்தகத்தின் முதுகைத் தடவிப் பார்ப்பாள், படி உடைந்திருப்பது தெரியும், பாரம் அடுக்குகிறவள்தானே. தெரியட்டும். வேஸ்ட் காப்பி, ஒரு பாரத்த மாத்தி முதல்ல வச்சுத் தச்சிருக்காக, இருக்கிற வரிசையிலதான் வாசிக்கணும்னு பிள்ளைகிட்டச் சொல்லு, என்று சொல்லவேண்டும். முடிவு என்ன என்று கேட்டால், வலது காலை வைத்து உள்ளே போய்விட்டாள் என்று சொல்லவேண்டும், அதில் ஒரு எழுத்துப் பொய் கிடையாது, முகமும் ஒன்றும் செய்யாது. சண்முகத்தாய் ஒரு முடிச்சுப் போட்டாள், போதாது என்று இன்னொன்று போட்டாள், நூலைப் பல்லால் கடித்துத் துண்டாக்கினாள். அந்தப் பதினாறு பக்கத்துக்குள் என்ன நடந்திருந்தாலும் நடந்துவிட்டுப் போகட்டும். அதற்குப் பிறகு தும்பிக்கு இன்னும் முன்னூற்று நான்கு பக்கம் இருந்தது.